மகிழினியின் குரலில் பேசிய ஊர்

ஊர் என்று இருந்தால் அதற்கென்று ஒரு பைத்தியம் இருக்கும். சில ஊருக்குக் கிடா முட்டுப் பைத்தியம், சில ஊருக்குக் கோர்ட் கேஸ் பைத்தியம், செவக்காட்டூருக்குச் சத்தியம் பண்ணுகிற பைத்தியம். கோவில்பட்டியிலிருந்து மினி பஸ்ஸில் புழுதி குடித்துக்கொண்டே போனால் வருகிற அந்த ஊரில், மாடு கை மாறினாலும் சத்தியம், பெண் கேட்டு வந்தாலும் சத்தியம், ஒரு வெடைக்கோழி காணாமல் போனாலும் பத்திரகாளி கோயில் வாசலில் வெற்றிலைமேல் கற்பூரம் கொளுத்திச் சத்தியம். செய்த சத்தியத்தைக் காப்பாற்றியவர் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் விடிந்து எழுந்த முக்கால்வாசிப் பேர் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்றின் குரலில் பேசினார்கள்.

அதற்கு முன்னால் இசக்கியைச் சொல்லிவிட வேண்டும். இசக்கி அந்த ஊர்க்காரி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே பாடினவள். அவள் பாடினால் மற்ற பெண்களுக்குக் கை தானாக ஓடுகிறது என்று கணக்குப்பிள்ளையே அவளைப் பாடச் சொல்லுவாராம். அதே ஊரில் சுடலைமணி என்பவன் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தான், கீபோர்டு வாசிப்பான், கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போவான். அவன் ஒருநாள் அந்த ஆபீஸ் ஜன்னல் பக்கமாக சைக்கிளில் போகிறபோது பாட்டைக் கேட்டுச் சைக்கிளை விட்டு இறங்கினவன்தான், கல்யாணம் முடித்துத்தான் மறுபடி ஏறினான். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் இசக்கி பாடாத கொடை இல்லை. சுடலைமணியிடம் ஒரு பழக்கம் இருந்தது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவளுக்கு மட்டும் கேட்கும்படி தணிந்த குரலில் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவான். அந்த எண்ணிக்கையில்தான் அவள் பாட்டை எடுப்பாள், அது இல்லாமல் எடுக்கமாட்டாள். அடுப்படியில் நின்று பாட வேண்டுமென்றாலும் "ஏங்க, எண்ணுங்க" என்பாள், அவனும் கூடத்தில் படுத்துக்கொண்டே எண்ணுவான், மாமியார் பிச்சம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த இசக்கிதான் சென்னைக்குப் போய், டிவியில் நடந்த குரல் மகுடம் என்கிற பாட்டுப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக் கடைசிச் சுற்றுக்கு வந்தாள். ஒவ்வொரு முறை மேடை ஏறும் முன்னாலும் புருஷனுக்குப் போன் போடுவாள், அவன் போனிலேயே எண்ணுவான், அவள் போனை யாரிடமாவது கொடுத்துவிட்டு அந்த எண்ணிக்கை காதில் ஆறிப்போவதற்குள் ஓடிப்போய் மைக்கைப் பிடிப்பாள். ஊரே அவளால் நிமிர்ந்து நடந்தது. கோவில்பட்டி மார்க்கெட்டில் காய்கறி பேரம் பேசும்போதுகூட "நாங்க இசக்கி ஊர்க்காரங்க" என்றார்கள்.

கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒருத்தி இசக்கி. இன்னொருத்தி திருவண்ணாமலைப் பக்கத்துக் குழந்தை, மகிழினி என்று பெயர், முன்பல் ஒன்று விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிற வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. டிவிக்காரர்கள் அவள் பாடும்போதெல்லாம் முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு, அதன்மேல் கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்றை விரித்துவைத்திருந்தார்கள். அப்பாவின் சட்டை. பாட்டு உச்சத்துக்குப் போகிறபோது கேமரா அந்தச் சட்டைக்குப் போகும், ஒரு புல்லாங்குழல் அழும், செவக்காட்டூரில் வீட்டுக்கு வீடு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

அங்கேதான் ஊர் இரண்டுபட்டது. டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு டீக்கடையோடு நிற்கவில்லை. "பாட்டுப் போட்டின்னா பாட்டுக்குத்தானல ஓட்டு, பாவத்துக்கா ஓட்டு?" என்று ஒரு கூட்டம். "அந்தப் பிஞ்சு இந்த வயசுல இந்தப் பாடு பாடுதே, அது பாட்டு இல்லாம வேற என்ன?" என்று இன்னொரு கூட்டம். இசக்கி பாடினதில் இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கினாள் என்று ஒருவர் சொல்ல, உமக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது, நீர் பேசப்படாது என்று இன்னொருவர் சொல்ல, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது, சம்பந்திகள் வந்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஆனாலும் யாரும் மகிழினிக்குத்தான் போடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அது எப்படிச் சொல்ல முடியும், இசக்கி அந்த ஊர்ப் பிள்ளை.

கொம்பையாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவர் பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருந்தவர், இசக்கி ஆதரவுக் குழுத் தலைவர் என்று தனக்குத் தானே ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டவர். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு என்று டிவியில் சொல்லிவிட்டார்கள், ஒரு ஓட்டும் வீணாகக் கூடாது. வேறென்ன செய்வார், செவக்காட்டூர்க்காரர் செய்வதைத்தான் செய்தார். வெள்ளிக்கிழமை ஊரைக் கோயில் வாசலில் கூட்டினார். போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வரிசையாக வந்து, எரிகிற கற்பூரத்துக்குமேல் உள்ளங்கையைக் காட்டி, "என் ஓட்டு இசக்கிக்கு. அவளுக்குப் போடலைன்னா என் குரல் எனக்கில்ல, தாயே" என்று சொன்னார்கள். வாசகமும் கொம்பையாவே எழுதியதுதான், எதுகை மோனை இல்லாவிட்டாலும் நன்றாயிருக்கிறது என்று பூசாரி பாராட்டினார். சுடலைமணியும் வந்து கையைக் காட்டிச் சொன்னான். பிச்சம்மாளும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, மருமகள் பெயரைச் சொல்லும்போது மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கி பாடினாள். மேடை ஏறும் முன்னால் போன் வந்தது, சுடலைமணி எண்ணினான், அவள் பாடினது அந்தப் போட்டியில் அதுவரை யாரும் பாடாத பாட்டு என்று நடுவர்களே எழுந்து நின்றார்கள். பிறகு மகிழினி பாடினாள், சட்டை விரிந்திருந்தது, குழல் அழுதது. பிறகு ஓட்டுப் போட நேரம் கொடுத்தார்கள். பிறகு முடிவு வந்தது. செவக்காட்டூர் மொத்தமாகப் போட்டிருந்தால் இசக்கி ஜெயித்திருப்பாள், அவ்வளவு சின்ன வித்தியாசம்.

மறுநாள் காலையில் கொம்பையா பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேர்த்தார். விடிவதற்குள்ளேயே புது ஃப்ளெக்ஸ் தயார், "மோசடி செய்த சேனலே, பதில் சொல்" என்று. வந்தவர்கள் எல்லாரும் கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததால் வழியில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. கொம்பையா மைக்கை வாங்கினார், மீசையைத் தடவினார், நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து "அநியாயம்!" என்றார். மகிழினியின் குரல் வந்தது. முன்பல் முளைக்கிற பிள்ளைக்கு வருமே ஒரு மெல்லிய காற்று, அதுவும் கூடவே வந்தது. கூட்டம் அவரைத் திகைத்துப் பார்க்கவில்லை, பழக்க தோஷத்தில் "அநியாயம்!" என்று திருப்பிச் சொன்னது, நூறு தொண்டையிலிருந்தும் அதே குழந்தைதான் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறதென்று நினைத்து வழிவிட்டார்.

மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கொம்பையா அங்கேயே உட்கார்ந்தார். "நான் ஒருத்தன்தான் போட்டேன்னு நெனச்சேன்" என்றார் அந்தக் குரலில். "ஊரே இசக்கிக்குப் போடுது, நம்ம ஒண்ணு அந்தப் பிள்ளைக்குப் போனா என்ன கொறைஞ்சிரப் போவுதுன்னு நெனச்சேன். அந்தச் சட்டையப் பாத்ததும் மனசு கேக்கல." நூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருந்தார்கள், அதே வார்த்தைகளில். சேனல்மேல் போட்ட பழியைச் சுருட்டிக் கடைக்குள் வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று செவக்காட்டூரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சத்தியம் செய்தோம், மீறினோம், குரல் போனது, இதில் விளங்காதது என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாகக் காளி எதையுமே கண்டுகொள்ளாமல் இருந்தாளே, அதுதான் அவர்களுக்கு ஆச்சரியம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதுதான் பாடாக இருந்தது. பூசாரி மந்திரம் சொன்னால் தட்டில் விழுகிற காசு கூடியது. வாத்தியார் அதட்டினால் பிள்ளைகள் சேர்ந்து விளையாடக் கூப்பிடுவதாக நினைத்து ஓடிவந்தார்கள். துபாயில் இருக்கிற புருஷன் போன் செய்தால் பெண்டாட்டி பேசுவாள், அவன் "கண்ணு, அம்மாகிட்ட போனைக் குடு" என்பான், அவள் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அதே குரலில் "சொல்லுங்க" என்பாள். சண்டை நடக்கவில்லை, எப்படி நடக்கும், வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாலும் பிள்ளை மழலை பேசுகிற மாதிரியே இருந்தது, எதிரே நிற்கிறவனுக்குச் சிரிப்பு வந்தது. மேலத்தெருவில் ஒரு கிழவர் செத்தபோது பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள், பத்துப் பெண்களிடமிருந்தும் தகப்பன் இல்லாத அந்த ஒரு பிள்ளை அழுதாள், துட்டி கேட்க வந்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள் செத்தவருக்கு இவ்வளவு சின்ன மகள் இருந்ததே தெரியாதே என்று அவர்களும் விழுந்து அழுதார்கள். ஆனால் பாட்டு மட்டும் வரவில்லை. கொம்பையா கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். குரல் மகிழினியுடையதாக இருந்தது, ஞானம் கொம்பையாவுடையதாகவே இருந்தது.

லாரி டிரைவர் அந்தோணிக்கு வேறு மாதிரி ஆனது. அவனும் கற்பூரத்தில் கை காட்டியவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிறையக் குடித்துவிட்டு, பாட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே லாரிக்கு அடியில் தூங்கிப்போனவன், இசக்கிக்கும் போடவில்லை, மகிழினிக்கும் போடவில்லை. திங்கட்கிழமை அவன் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, எந்தக் குரலும் வரவில்லை. கோவில்பட்டி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். யாருக்கும் கொடுக்காதவனுக்கு யார் குரல் வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சத்தியம் செய்தவர்களில் சொந்தக் குரலோடு மிஞ்சியவர்கள் கைவிரலில் அடங்கிவிடுவார்கள். அதில் ஒருத்தி பிச்சம்மாள். கல்யாணமான நாளிலிருந்து மருமகளை மேடை ஏறுகிற மூதேவி என்று திட்டிய அதே கரகரத்த தொண்டை, கொஞ்சமும் மாறாமல் தெருவில் ஒலித்தது. "எனக்கு அவளைப் பிடிக்காதுதான்" என்றாள் கேட்டவர்களிடம். "அதுக்காகப் பாட்டு நல்லா இல்லன்னு சொல்ல முடியுமாட்டி? கண்ணுல தண்ணி வந்தா தொடச்சிக்கிடணும். ஓட்டை ஏன் மாத்திப் போடுத?"

செவ்வாய்க்கிழமை இசக்கி வந்தாள். முடிவு வந்ததிலிருந்து அவள் எத்தனையோ தடவை போன் செய்தும் சுடலைமணி எடுக்கவில்லை, அழுதுகொண்டிருப்பான், பாவம், நேரில் போய்த் தேற்றுவோம் என்று நினைத்துக்கொண்டே ரயிலை விட்டு இறங்கி மினி பஸ் ஏறினாள். கண்டக்டர் செவக்காட்டூர்க்காரர். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "செவக்காட்டூர் ஒண்ணா?" என்றார். இசக்கிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சென்னை ஹாஸ்டலில் தினமும் அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி விட்டவள் அவள், ராத்திரி பயந்தால் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டவள் அவள். "மகிழு? நீ எங்கடி இங்க?" என்று சீட்டுக்குச் சீட்டு எட்டிப் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக் கொடுத்தார், "என்னை மன்னிச்சிரும்மா" என்றார், அதே குரலில்.

ஊர் வருவதற்குள் கற்பூரச் சத்தியத்தையும் அது பலித்த கதையையும் அவரே சொல்லி முடித்தார். ஊர் எல்லையில் மாலை வைத்திருந்தார்கள், மேளம் வைத்திருந்தார்கள், ஆரத்தி வைத்திருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். "சித்தி, பேசுங்க" என்றாள். "அண்ணாச்சி, நீங்க பேசுங்க" என்றாள். தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கின சிநேகிதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள், சிநேகிதி அழுதபோது மகிழினி அழுதாள். உலகத்தில் மோசம் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் யார் யார் கழுத்தறுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது, சந்தேகத்தோடு செத்துப்போவார்கள், அது ஒரு வகையில் நிம்மதி. இசக்கிக்கு அந்த நிம்மதியும் இல்லை. பால்காரர் கூப்பிட்டால் தெரிந்தது, வளையல்காரி விலை சொன்னால் தெரிந்தது, நடக்கிற தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்தது. தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. மகிழினி ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை பேர் தன் பெயரைச் சொல்லிக் கற்பூரத்தில் கை காட்டிவிட்டு அப்படிச் செய்தார்களே, அதுதான் வயிறு எரிந்தது.

வீட்டில் சுடலைமணி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான், கையை விரித்தான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இசக்கி பையை இறக்கி வைத்தாள். அவளுக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். இவரும் அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டிருக்கிறார், வெட்கத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பெரிய காரியம். ஊரை மன்னிக்காதவள் புருஷனை மட்டும் மன்னிப்பதற்குத் தனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடினாள். அவருக்கும் சின்ன வயதில் அப்பா போய்விட்டார். சட்டையைப் பார்த்திருப்பார், தன் அப்பாவை நினைத்திருப்பார், கை தானாக அமுக்கியிருக்கும். இளகின மனசு, அந்த மனசுக்காகத்தானே கட்டிக்கொண்டோம். இப்படியெல்லாம் நாள் கணக்கில் வாதாடி அவளே தீர்ப்பும் சொன்னாள். ஒருநாள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க, எனக்குக் கோவம் இல்ல. எந்தக் குரல்ல பேசினாலும் பரவாயில்ல. அவ குரல்லயே பேசுங்க. ஒரு தடவை எண்ணுங்க, போதும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அடுப்படியிலிருந்து பிச்சம்மாள் எட்டிப் பார்த்து, "ஏல, அவதான் எறங்கி வாறால்லா, வாயத் தொறந்தா என்ன?" என்று கத்தினாள். அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். இசக்கி அன்றிலிருந்து அடுப்படியில்கூடப் பாடவில்லை.

பங்குனிக் கொடை நெருங்கியது. பூசாரி, கொம்பையா, இன்னும் நாலு பெரிய மனுஷர்கள் வந்து வாசலில் நின்றார்கள், சத்தியம் அவள் பெயரில் செய்தது, அவள் விடுவித்தால்தான் விடும் என்றார்கள். மகிழினியின் குரலில் ஆறு கிழவர்கள் கெஞ்சினார்கள். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்திய?" என்று கதவைச் சாத்தினாள் இசக்கி.

அடுத்த நாள் அவளுக்கு ஒரு போன் வந்தது. "அக்கா, நான்தாங்க்கா" என்றது குரல். இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த வீட்டுக்காரிட்டி நீ? நேர்ல வந்தா கதவைச் சாத்துதேன்னு இப்பம் போன்ல வாறியா?"

"அக்கா, நெஜமாவே மகிழினிக்கா. என் பல்லு முழுசா மொளச்சிடுச்சு."

இசக்கி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை என்னென்னவோ பேசினாள், புது வீடு, புது ஸ்கூல், யாரும் இசக்கியைப் போலத் தலை பின்னி விடுவதில்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அம்மா போன்ல நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"நீங்கதானக்கா நல்லாப் பாடினீங்க" என்றாள் மகிழினி, இதில் என்ன கேள்வி என்பதைப் போல. "அப்புறம் இன்னொண்ணு. அந்தச் சட்டை இருக்குல்ல, அது எங்கப்பா சட்டை இல்லக்கா. டிவிக்காரங்க கடையில வாங்கிட்டு வந்தது. காலர்ல அட்டை இருந்துச்சு, நான் பாத்தேன். எங்கப்பா கட்டம் போட்ட சட்டையே போடமாட்டாரு."

இசக்கி போனை வைத்தாள். ஊர் ஒரு கடைச் சட்டைக்காகத் தன்னைக் கைவிட்டது என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபம் கூடியிருக்க வேண்டும், ஆனால் அழுகை வந்தது, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. இத்தனை நாளாக எந்தக் குரலைக் கேட்டு வயிறு எரிந்ததோ அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒருத்திதான் இசக்கியின் பாட்டுக்காக ஓட்டுப் போட்டிருக்கிறாள், அவளும் பிச்சம்மாளும். ஊர் ஏமாந்தது, ஆனாலும் அழுதது நிஜமாகவே அழுதது. சட்டை சமாச்சாரத்தை ஊரில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள்.

கொடை அன்றைக்குச் சாயங்காலம், வெயில் தணிகிற நேரத்தில், கோயில் வாசலில் வெற்றிலைமேல் கற்பூரம் வைத்தார்கள். ஊர் முழுக்க நின்றது. இசக்கி கையைக் காட்டி, "உங்க குரல் உங்களுக்கே. எனக்கு யார்மேலயும் வருத்தம் இல்ல. தாயே, விட்ரு" என்றாள். கற்பூரம் அணைந்தது. கொம்பையா ஒரு தடவை செருமினார், செருமல் தகர டின்னை இழுத்த மாதிரி அவருடையதாகவே வந்தது. "ஏ, வந்துட்டு!" என்று அவர் அலறினார். பூசாரிக்கு வந்தது, வாத்தியாருக்கு வந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், அவரவர் குரலில், அவரவர் நாக்கில். புருஷன் பெண்டாட்டியை வேண்டுமென்றே திட்டினான், அவள் திருப்பித் திட்டினாள், இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். சிநேகிதி ஓடிவந்து இசக்கியின் காதுக்குள் அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. ஒன்று லாரி டிரைவர் அந்தோணியுடையது. வாங்கின குரலைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குச் சொந்தக் குரல் வந்தது, அவனிடம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை, அதனால் காற்றுதான் வந்தது. இன்னொன்று சுடலைமணியுடையது.

முதலில் பார்த்தது பிச்சம்மாள். அவள் பார்ப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், குலவை ஒவ்வொரு நாக்காக நின்றது, கடைசியில் ஊரே பார்த்தது. சுடலைமணி துண்டை வாயில் பொத்திக்கொண்டான்.

"போன் இவன் கையிலதான் இருந்துச்சு" என்றாள் பிச்சம்மாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "நான் பக்கத்துலதான் இருந்தேன். நேரம் முடியுத வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தான். போட்டுட்டான்னுல்லா நெனச்சேன், பாவிப் பய."

இசக்கி அவன் பக்கத்தில் போனாள். சத்தம் போடவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற அளவில்தான் பேசினாள், பாட்டுக்கு முன்னால் அவன் எண்ணுவானே, அந்த அளவில்.

"ஜெயிச்சா போயிருவேன்னு பயந்தீங்களோ?"

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இல்லை என்று தலையாட்டவில்லை.

"எனக்கு எதிரா அமுக்கவும் தைரியம் இல்ல, எனக்காக அமுக்கவும் மனசு இல்ல. ஆனா அன்னைக்கு எண்ணினிய. எண்ணிட்டு, சும்மா இருந்திய." அவள் மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஊரு ஒரு கடைச் சட்டையப் பாத்து ஏமாந்துச்சு. நீங்க எதைப் பாத்தும் ஏமாறலையே. அவ குரல்ல நீங்க பேசணும்னு நான் எத்தனை நாள் காத்துக் கெடந்தேன் தெரியுமா?"

மேடையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். கச்சேரி நிற்கக்கூடாது, அது அம்மனுக்கு வைத்த கச்சேரி. டிரம்ஸ்காரரும் கிடார்காரரும் ஏறித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமணி போய்க் கீபோர்டுக்குப் பின்னால் நின்றான், எங்கே போவான், அவனுக்கு நிற்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். இசக்கி மைக் முன்னால் வந்தாள். கூட்டம் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது, கல்யாணமான நாளிலிருந்து அவன் எண்ணாமல் அவள் ஒரு பாட்டும் எடுத்ததில்லை என்பது ஊருக்கே தெரியும்.

அவள் பழக்கத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சுடலைமணியின் உதடு அசைந்தது. ஒன், டூ என்பது உதட்டில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. அவன் மறுபடி முதலிலிருந்து உதட்டை அசைத்தான், கண்ணால் கெஞ்சினான். உதட்டைப் பார்த்தே அவளால் பாட்டை எடுத்திருக்க முடியும், அத்தனை வருஷப் பழக்கம்.

இசக்கி முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, தன் குரலிலேயே "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். சுடலைமணியின் விரல்கள் அவள் சுருதியைத் தேடிப் பிடிப்பதற்குள் பல்லவி முடிந்திருந்தது.